தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. பார்சல் வந்துவிட்டது. செடி இரண்டு: ஈயைக் கவ்வும் வாய்ச்செடி ஒன்று, இலையெல்லாம் பசையாக இருக்கிற கொசுச்செடி ஒன்று. போன வருடம் மகள் ரிஸ்வானா டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து எனக்குக் கொசு என்றாலே பதைப்பு. சுருள், வலை, பேட் எல்லாம் பார்த்தாயிற்று. இனி இது.

மனைவி ஷமீம்: "கொசுவுக்கு பயந்து செடி வாங்கின ஒரே ஆம்பள நீங்கதான்."

கூட வந்த தாளில்:
– உரம் கூடாது
– போர் தண்ணீர், கேன் தண்ணீர் கூடாது. மழைத் தண்ணீர்தான்
– தொட்டிக்கு அடியில் தட்டு. அதில் எப்போதும் ஓர் அங்குலம் தண்ணீர்

நம் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூக்கிறது. செடி எம்மாத்திரம்.

அக். 11

வீட்டுக்காரம்மா சரஸ்வதி, கீழ்வீடு. விஷயம் கேட்டு, வாசலில் குண்டான் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "செடிக்குக்கூட பத்தியமா பாய்?" ஒரே சிரிப்பு. நல்ல மனுஷி.

கடையில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர்.

அக். 14

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற சுகாதாரத்துறை அம்மா, செடி இருக்கிற மொட்டை மாடிக்கு வந்தார். டார்ச் அடித்தார். தட்டைக் கவிழ்த்துவிட்டார். "தண்ணி தேங்குனா புழு வெக்கும் பாய். அடுத்த வாட்டி இருந்தா மருந்து ஊத்திடுவேன்." சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மருந்து பட்டால் செடி போயிற்று. போகட்டுமா? மனம் வரவில்லை. தட்டை நிரப்பிவிட்டேன்.

அக். 23

மறுபடி வந்தார். நான் முந்திக்கொண்டேன். தொட்டி, தட்டு எல்லாம் கட்டிலுக்கு அடியில். "ஒண்ணும் இல்லம்மா." சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனார்.

கொசுச்செடியில் மூன்று கொசு ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை எண்ணினேன். எவ்வளவு சந்தோஷம்!

நவம்பர் 1, சனி

ரிஸ்வானா தட்டுக்குப் பக்கத்தில் குந்தியபடி: "அத்தா, தண்ணில கமா கமாவா நெளியுது."

பார்த்தேன். நிறைய. மேலே வாய்ச்செடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, கீழே இது. காய்ந்த தரையில் கொட்டினேன். கை கழுவினேன், மறுபடி கழுவினேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மணிக்கு ஒரு தரம் தொடுகிறேன். "விடு அத்தா" என்கிறாள்.

நவ. 4

கீழே சரஸ்வதியம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலியாம். ஷமீம் கஞ்சி கொண்டுபோனாள். நான் போகவில்லை.

ஷமீம்: "தெரு பூரா கொசு. உங்க தட்டுலருந்துதான் போச்சுனு யாரு கண்டா?"

யாரும் காணவில்லை. இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை.

நவ. 5, புதன்

பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த வேன் தெரு முழுக்க. சரஸ்வதியம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கி வரவே மத்தியானம் ஆகிவிட்டதாம். டெங்கு. பிளேட்லெட் கம்மி. நாளை மறுபடி எடுக்கணும்.

சாயங்காலம் போனேன். சொல்ல வேண்டியதைப் படியிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சரஸ்வதியம்மா படுத்திருந்தார், முகம் வற்றிப்போய்.

"வாங்க பாய். மழ வர்றாப்ல இருக்குல்ல? உங்க செடிக்கு குண்டான் வெக்க சொன்னேன், பொண்ணுகிட்ட."

ஒத்திகை எல்லாம் போயிற்று.

"அம்மா, என் தட்டுல புழு இருந்துச்சு. பாக்க வந்தவங்ககிட்ட நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"என் பொண்ணு காதுல போட்டுடாதீங்க பாய். சண்டைக்கு வந்துடுவா."

வெளியே வந்தால் நல்ல மழை. வாசலில் குண்டான், கால்வாசி நிரம்பியிருந்தது. கவிழ்த்து வைத்தேன்.