ரேடியோ வெட்டிய கடைசி நிமிடம்

மார்ச் 4

அன்பும் அடாவடியும் நிறைந்த தங்கச்சிக்கு,

நான் நலம். இஸ்திரிப் பெட்டியும் நலம். என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவான், உன் மாமா, வழக்கம்போல என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருடன் பயமாம். இந்த வீட்டில் என்னை விட்டால் திருட என்ன இருக்கிறது? என்னைத் தூக்குவதற்கே நாலு திருடன் வேண்டும்.

ரிப்பேருக்கு என்று அவர் வாங்கிப் போன போன் இன்னும் திரும்பவில்லை. அதனால் கடிதம்தான். இஸ்திரி போட்ட ஓட்டல் தலையணை உறைகளுக்கு நடுவில் இதைச் செருகிவிட்டால் லாண்டரி கவுண்டர் பெண் எடுத்துத் தபாலில் போடுகிறாள். உன் பதில் அவள் கடைக்கு வந்து, நான் வெளுக்க வேண்டிய அழுக்குத்துணி மூட்டையில் ஏறி வருகிறது. இரண்டையும் சுமப்பவர் உன் மாமா. இப்படி ஒரு தபால்காரர் யாருக்கு வாய்ப்பார்?

நீ சொன்னாயே, கண்மை பூசிய பையன்கள், அவர்கள் பாட்டு ரேடியோவில் வந்தது. இதற்கு எமோ என்று பேராமே, எமனுக்குத் தம்பியா? ஆனால் மனசைப் பிடித்து உலுக்கிவிட்டதடி. வீட்டுக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிற பையன், கடைசியில் “போறேன்” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கதவை அறைகிறான். டமார். பாட்டு முடிந்தது. ஹிட் பாட்டு வரிசையில் இருபதாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்று ரேடியோக்காரி சொன்னாள். அவளுக்குக் காது மந்தம் போல.

உன் அறையில் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறாயாமே. உன் மாமா ஒரு நாள் பூட்ட மறப்பார். அன்றைக்கு நானும் டமார்.

உன் குண்டு அக்கா

மார்ச் 15

என் அக்காவுக்கு,

ரேடியோவில் கேட்டுவிட்டு ரசிகை என்று சொல்லித் திரியாதே. நான் முழு ஆல்பமும் வாங்கிவிட்டேன். பேக்கரியில் மாவு பிசையும்போது அதுதான் ஓடுகிறது.

ரேடியோவில் கடைசி நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். கதவை அறைந்த பிறகும் பாட்டு இருக்கிறது. அவன் தெருமுனை வரை போகிறான். கிட்டார் மெல்ல அடங்குகிறது. நிற்கிறான். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே கட்டிலில் படுத்துக்கொள்கிறான். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீ ரசித்தது அரை வேக்காடு.

கட்டில் காத்திருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 27

மகா மேதாவிக்கு,

உயிரா? என் உயிரை அல்லவா வாங்குகிறது! திரும்பி வந்து படுப்பதற்கு எதற்கடி அத்தனை கத்தல்? ரேடியோக்காரன் கத்தரி போட்டானே, மகராசன், அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

கவுண்டர் பெண்ணும் உன் கட்சியாம். மூட்டைச் சீட்டில் “ஆல்பம்தான் அக்கா” என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் ரேடியோவில் கதவை அறைந்து பாட்டு முடிந்தாலும், மிச்சம் என் மண்டைக்குள் ஓடுகிறது.

அரை வேக்காட்டு அக்கா

ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய்.

நேற்று உன் மாமா அவசரத்தில் பூட்டாமல் போய்விட்டார். பையை எடுத்தேன். கதவை அறைய எல்லாம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாளே என்று பூனை மாதிரி சாத்தினேன். தெருமுனைக்குப் போனேன். பஸ்ஸும் வந்தது. “ஏறும்மா, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே?” என்றார் கண்டக்டர். கால் எழும்பவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா, அவருக்குச் சோறு யார் போடுவார்கள் என்று என்னென்னவோ ஓடியது. பஸ் போய்விட்டது. திரும்பி வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நானே போட்டேனடி.

சாயங்காலம் வந்தவர், “பூட்டாம போயிட்டேனே, எங்கயாவது போனியா?” என்றார்.

“நான் எங்க போவேன்?”

“அதானே,” என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

ஆல்பம்தான் சரி. கவுண்டர் பெண்ணிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி எனக்காகப் போட்ட அந்தக் கட்டிலில் துணி கிணி போட்டு வை.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

எனக்கு ஜெயிக்க வேண்டாம். பெரிய விமர்சகி மாதிரி எழுதிய என் கையை அடுப்பில் வைக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். மாமா வேனை எடுத்ததும் பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு உன் வாசலில் நிற்பேன். பையை மட்டும் தயாராக வை.

உன் தங்கை

ஏப்ரல் 22

அடி கிறுக்கு,

பூட்டுக்காரரோடு வருகிறாளாம்! சினிமா எடுக்கிறாயா?

பை கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருக்கிறது. அன்றைக்குத் திரும்பி வந்தபிறகும் நான் அதை அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். பூட்டு இல்லாத நாளிலேயே திரும்பி வந்தவள் நான். பூட்டை உடைத்தால் மட்டும் போதாது. வாசல் தாண்டுவேன், தெருமுனை வரைக்கும் வாயடித்துக்கொண்டே வருவேன், நீயும் நம்பிவிடுவாய். அங்கே போய் நிற்பேன். வீட்டில் எதையோ மறந்துவிட்டேன் என்பேன். ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்பேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். விட்டுவிடாதே.

என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நான் திட்டினாலும்.

அக்கா