என் தாள்கள், அவர் மகன் பெயர்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் மாலை வகுப்பில் பிரசென்ட் பெர்ஃபெக்ட். பதினொரு வருஷமாக இதே ரோதனை. "ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று அடம்பிடித்தார் ஒரு வங்கிக்காரர். காரியம் முடிந்தாலும் அதன் வால் இன்றைக்குள் கிடக்கிறது, அதற்குத்தான் 'ஹாவ்'. 'நேற்று' என்று சொன்னால் வாலை நறுக்கியாயிற்று என்றேன். சிரித்தார்கள். புரிந்துவிட்டது.

நான் கையால் எழுதிய பயிற்சித்தாள்கள் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. புத்தகமாகப் போடலாம் என்று பயிற்சி மைய முதலாளி வாங்கிக்கொண்டு போனார். அட்டையில் என் பேர் — நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 19

இன்னும் அச்சகத்தில்தானாம்.

ஆகஸ்ட் 6

வந்துவிட்டது. அட்டையில் முதலாளியின் மகன் பெயர். அவன் எங்கள் பயிற்சி மையத்தில் ஒரு நாள்கூட சாக்பீஸ் பிடித்ததில்லை. உள்ளே என் வாக்கியங்கள், என் வரிசை, ஒரு புள்ளி மாறவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளியிடம் கேட்டேன். "கிராமர் என்ன உங்க பாட்டன் சொத்தா டீச்சர்? முன்னுரையில நன்றி சொல்லியிருக்கோமே" என்றார். தேடினேன். 'அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும்.' ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அக்காவிடம் சொன்னால், "எழுதி வாங்காம ஏன்டி குடுத்தே?" சரி, எனக்குத்தான் புத்தியில்லை.

ஆகஸ்ட் 20

முதலாளி மகனே வகுப்பெடுக்க வந்தான். நான் கடைசி பெஞ்சில், உதவிக்காம். புத்தகத்தை விரித்து உரக்கப் படித்தான்: "மை ஹஸ்பண்ட் ஹாஸ் நாட் கம் ஹோம் யெட்." வங்கிக்காரர் மெதுவாக, "சார், இது நீங்களே எழுதினதா?" என்றார். வகுப்பே குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போன அந்த வாரத்தில் நான் எழுதின வாக்கியம் அது. அன்றைக்கு வேறெந்த உதாரணமும் தோன்றவில்லை. அதையுமா எடுத்துக்கணும்? அதையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா, பாவிங்க.

ஆகஸ்ட் 21

வேலையை விட்டுவிட்டேன். "தாராளமா போங்க, ஆளா கிடைக்காது" என்றார் முதலாளி.

செப்டம்பர் 23

ரயிலடிப் பக்கம் இன்னொரு பயிற்சி மையம். நேர்காணல். நடத்துகிற அம்மா நல்ல மாதிரி. "உங்க அனுபவத்துக்கு இங்க மரியாதை இருக்கும்மா" என்றார். அரைமணி நேரத்தில் வேலை உறுதி.

பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இந்த வருஷம் இதுதான் பாடப்புத்தகம். வீட்ல பேசற மாதிரியே இருக்கும் உதாரணமெல்லாம். சொந்தமா எதுவும் சேர்க்காம, இதுல இருக்கறத அப்படியே நடத்துங்க போதும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? இருக்கிற ஒரு வேலையையும் வாயால் கெடுத்துக்கொள்ளவா?

"ஒரு காப்பிதான் இருக்கு, தொலைஞ்சிடப் போகுது. முதல் பக்கத்துல உங்க பேர எழுதி வச்சுக்குங்க" என்று பேனாவையும் கொடுத்தார்.

எழுதினேன்.