நாக்கில் வைத்த சாயம்

திருப்பருத்திக்குன்றம்
12-8-1973

அன்பு நண்பர் பரசுராமனுக்கு அனந்தநாதனின் வணக்கம்.

இங்கே நல்ல மழை. பெங்களூரில் உங்கள் மகனுடைய சாயப்பட்டறையை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

இரண்டு வாரம் முன்பு சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் மனைவி கிருஷ்ணவேணி அம்மாளைப் பார்த்தேன். சித்திரையில் உங்களுக்குச் சிறுநீரில் இரத்தம் போனதாம். வலியில்லாமல் தானே நின்றுவிட்டதாம். "சூடுதான் வாத்தியாரே, இளநி குடிச்சாரு, நின்னுபோச்சு. நீங்க என்னவோ பரீட்சை வச்ச மாதிரி அதையே கேட்டுக்கினு இருக்கீங்க" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் தெருவில் நாற்பது நெசவாளர்களை விசாரித்தேன். ஒருவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. சாயம் போட்ட ஆறு பேரில் மூவருக்கு வந்திருக்கிறது. என் கணக்கில் பிழை இருக்குமோ என்று மறுபடியும் போய்க் கேட்டேன். அதே விடைதான்.

மருத்துவ நூலும் படித்தேன். சில சாயப் பொடிகளின் நஞ்சு தோல், மூச்சு, வாய் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. நாங்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் ஜைனர்கள். துணி பூச்சியை நிறுத்தும், சாயத்தை நிறுத்தாது. சிறுநீரகம் அந்த நஞ்சையும் வடித்துக் கீழே அனுப்பிவிடுகிறது. அது மணிக்கணக்காகத் தங்குவது சிறுநீர்ப்பையில். அதனால்தான் சாயம் தொட்ட கையை விட்டுவிட்டு அந்தப் பையின் உட்சுவர் உயிரணுக்களைக் கெடுக்கிறது. கெட்ட அணு பெருகுவதை நிறுத்த மறந்துவிடுகிறது. இது வெளியே தெரிய இருபது வருடம்கூட ஆகலாம்.

சாயத் தொட்டியில் அமிலப் புளிப்புப் போதுமா என்று விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்களே, அது கெடுதலா என்று ஒருமுறை என்னைக் கேட்டீர்கள். துப்பிவிட்டால் போதும் என்றேன். ரசாயனம் கற்பித்தவன் சொன்னதை நம்பினீர்கள்.

ஆனாலும் பயப்படாதீர்கள். விளக்கு வைத்த குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் சுரண்டி எடுத்துக் குணப்படுத்துகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிலும் சந்தேகப்படுகிறவன் சொல்கிறேன். இரத்தம் நின்றதை மட்டும் நம்பாதீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை வேலூர் பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். டாக்டரிடம் சேர்ந்தே போவோம்.

இத்துடன் நீல லிட்மஸ் தாள் இருபது வைத்திருக்கிறேன். புளிப்பில் சிவக்கும். சாயம் கலக்கும் முன்பே தோய்த்துப் பார்க்க வேண்டும். இனி யாரும் நாக்கில் வைக்க வேண்டாம் என்று பட்டறையில் சொல்லுங்கள். முப்பது வருடம் பள்ளி அலமாரியில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தாள்தான் இது.

வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள், பரசுராமன்.

உங்கள்,
அனந்தநாதன்