மூன்றாம் அத்தியாயமும் என் வயிற்றுவலியும்

என் அக்காள் பெற்ற ஆராய்ச்சிச் சிங்கமே,

மில் வேலைநிறுத்தம் பற்றிய உன் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க நான் சொன்னதுதான் என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டேன், பார்த்தாயா!

இதற்குள் உன் பேராசிரியர் பழைய செய்தித்தாளில் ஒரு படத்தைக் கண்டுபிடித்து, "மில் கேட்டு மேல ஏறிப் பேசினதா சொன்ன உங்க மாமா இதுல எங்க இருக்காரு?" என்று கேட்டாராமே. படத்தை எடுத்தவனே நான்தான் என்று எழுதத் தொடங்கினேன். உன் அத்தை பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஏங்க, புள்ளையோட மூணு வருஷப் படிப்பு. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கணும். உங்க புளுகுல அவ பட்டம் போகணுமா?"

ஆகவே ஒரு சிறு திருத்தம். வேலைநிறுத்தம் நடந்த ஏழு நாளும் எனக்கு வயிற்றுவலி. சாதாரண வலியில்லை, இரண்டு டாக்டர்கள் அசந்துபோன வலி. போர்வைக்குள் இருந்தபடியே போராட்டத்துக்கு முழு ஆதரவு கொடுத்தேன்.

படத்தில் கேட்டின் மேல் கையை உயர்த்தி நிற்கும் பெண்ணைப் பெரிதாக்கிப் பார். சின்ன வயதில் உனக்குத் தலை பின்னிவிட்டவள்தான். தினமும் வீடு திரும்பியதும் அவள் பேசிக் காட்டியதால் எனக்கு அந்தப் பேச்சு வரிக்கு வரி மனப்பாடம்.

நாளைக்கே ரெக்கார்டரோடு வா. அவள் பேசும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். வரலாற்றுக்காக நான் செய்யும் முதல் தியாகம் இது. அடிக்குறிப்பில் மட்டும் எனக்கு ஓர் ஓரம் ஒதுக்கு.

இப்படிக்கு,
தகவல் தந்தவரின் கணவன்