திங்கட்கிழமைப் புடவை

லாண்டரியிலிருந்து வந்த பையைப் பிரித்ததும் கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. வைட்ஃபீல்டில் புடவைக்கு நல்லபடியாகக் கஞ்சி போட்டுத் தருகிற கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் நீ நம்பமாட்டாய். புடவையை மூக்கருகே வைத்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். நீ வந்திருக்கிறாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

கோலார் தங்கவயலில் நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு பெங்களூருக்கு மாற்றலானது. படிப்பு நடுவில் யாராவது காலேஜ் மாறுவார்களா என்று அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. டி.சி. வாங்கப் போன அன்று பிரின்சிபால் அம்மா இரக்கப்பட்டு, "மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்த அப்படியே வெச்சிருக்கேன். பிடிக்கலன்னா வந்துடு" என்றார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். தங்குவதற்கு அங்கே அத்தை வீடு இருந்தது. இங்கே வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

பழைய காலேஜில் திங்கட்கிழமை என்றால் புடவைதான், அது சட்டம். எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்த அறிவாளி நான். புதுக் காலேஜில் முதல் நாளும் ஒரு திங்கட்கிழமையாக வந்து சேர்ந்தது. கஞ்சி போட்ட நீலப் புடவை, கொண்டை, கையில் இரண்டு தடிப் புத்தகம். ஜீன்ஸும் சுடிதாருமாக இருந்த வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றது. பயத்தில் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிரிந்த வேகத்தில் அது "சிட் டவுன்" என்று சொல்லித் தொலைத்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து முதலில் சிரித்தது நீதான். மறுக்காதே, பின்னால் நீயே ஒத்துக்கொண்டாய்.

அதோடு என் பேர் மேடம் ஆகிவிட்டது. கேன்டீனில் மேடம், லைப்ரரியில் மேடம். கெமிஸ்ட்ரி லேபில் என்னை உன் மேசையில் சேர்த்துவிட்டார்கள். லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நீ, வாயில் தமிழும் கன்னடமும் கலந்து ஓடும். டைட்ரேஷனில் ஒரு சொட்டில் நிறுத்த வேண்டியதை நீ ஒரு நாளும் நிறுத்தியதில்லை. இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் ரோஸ்மில்க் வரும். "கலர் வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்பாய்.

சனிக்கிழமை லேபில் உன்னிடம் சொன்னேன், "மாசம் முடியுது. நான் ஊருக்கே போயிடறேன்."

"பேஜாரா இருக்குதா?"

"ரொம்ப."

"பிடு டீ, விட்டுத் தள்ளு. திங்கக்கிழமை ஒரு நாள் பாத்துட்டுப் போ."

"திங்கக்கிழமை மட்டும் என்ன வாழுதாம்?"

"வந்தா தெரியும்."

திங்கட்கிழமை நான் புத்தியாக, சித்தி பெண்ணிடம் கடன் வாங்கிய சுடிதாரில் வந்தேன். மணி அடித்த பிறகு வாசலில் நீ வந்து நின்றாய். உன் அக்கா நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு, அடியில் கேன்வாஸ் ஷூ. பஸ்ஸில் அவிழ்ந்த கொசுவத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாய். வகுப்பு மொத்தமும் எழுந்து "குட் மார்னிங் மேம்" என்றது. நீ கொஞ்சமும் அசராமல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "சிட் டவுன்" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய், முகம் மாறியது.

"உனக்காக நான் இந்தக் கோலத்துல பஸ்ல வந்தா, நீ சுடிதார் போட்டுக்குனு வந்து உக்காந்துருக்கியா?"

அதற்குள் மாத்ஸ் சார் வந்துவிட்டார். உன்னை மேலும் கீழும் பார்த்து "யார மதுவே?" என்று கன்னடத்தில் கேட்டார். யாருக்குக் கல்யாணம் என்றதும் வகுப்பே சரிந்தது. பெங்களூர் வந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

இடைவேளையில் உனக்குக் கொசுவம் வைத்து ஊக்கு குத்திவிட்டேன். நேராக எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். "நான் வரல அத்த. இங்கியே படிக்கறேன்" என்றேன். கண்ணாடிக்கு வெளியே நீ பட்டுப் புடவையில் நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தாய், போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நாம் இரண்டு பேர் புடவையில். கடைசி வருஷத்தில் பாதி வகுப்பு.

போன வருஷம் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தபோது, இனி உன்னை நினைத்தாலே அழுகைதான் என்று பயந்தேன். சிரிப்புதான் வருகிறது. அதற்காக உன்மேல் கோபமும் வருகிறது.

போன வாரம் எங்கள் ஆபீஸில் நடந்ததைக் கேள். திருப்பத்தூரிலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். மீட்டிங்குக்கு மேனேஜர் உள்ளே வந்ததும் காலேஜ் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். மற்றவர்கள் லேப்டாப்புக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினார்கள், அவளுக்குக் காது சிவந்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. முட்டி வலியோடு நானும் எழுந்து நின்றேன். மேனேஜர் மிரண்டுபோய், "என்னாச்சு, ஃபயர் டிரில்லா?" என்றார். இப்போது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முடிந்து வெளியே வரும்போது அவள் ஓடிவந்து, தயங்கி, என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நீங்களும் இங்க புதுசாக்கா?"

"ஆமாம்மா," என்றேன். "வா, கேன்டீன் எங்க இருக்குன்னு தேடலாம்."