லாலாங் வெட்டிய வழி

காஜா பேராங்,
ஆகஸ்ட் 1957

மகளுக்கு,

கொல்லைப்புறத்து லாலாங் புல்லை வெட்டிவிட்டேன். பாம்பு நடமாட்டம். உன் அம்மா வேறு காரணம் சொன்னால் நம்பாதே.

மலாய் பேசும் அந்தச் செட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு நீ எதிர்க் கம்பத்துக் குடியிருப்புக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கம் நான் பாராங் கத்தியை எடுத்துப் போகவில்லை. புல் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. பாதி வெட்டியபோது எதிர்ப்பக்கத்திலும் சத்தம் கேட்டது. உன் புருஷன்தான். மேலாகச் சீவிக்கொண்டிருந்தான். லாலாங்கை அப்படிச் சீவினால் இன்னும் அடர்த்தியாக முளைக்கும். வேரோடு தோண்ட வேண்டும் என்று மண்வெட்டியால் காட்டினேன். இந்தக் கடிதம் அவன் கையில்தான் வருகிறது. தமிழ் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இருவரும் நடுவில் வந்து சேர்ந்ததும், "மாமா, மினும் டுலு" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். உங்கள் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று நீ போன அன்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கடும் வெயில். குடித்துவிட்டேன்.

வழியில் முள் இல்லை, வேரும் இல்லை. இப்போதுதான் நடக்கப் பழகுகிறவன் வந்தாலும் தடுக்கி விழமாட்டான்.

அப்பா