சீனி போடாத நலெவ்கா

நவம்பர் 8, சனி

மைனஸ் இரண்டு. காலை காருக்கு வின்ரர் ரயர் மாற்றப் போனது. ஸ்ரௌவ்வில் ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. இரண்டு மணித்தியாலம் வீண்.

நாளை மிசிசாகா. மகள் அபி கட்டப்போகிற ஆடமின் தாய் தகப்பன் வீட்டில் மதியச் சாப்பாடு. போலந்துக்காரர். கொண்டுபோக: பயற்றம் பணியாரம், பூ, கேக் (மரக்கறிக் கடைக்குப் பக்கத்துப் பேக்கரியில்). மனுசியின் ஓடர்: அரசியல் கதைக்கக் கூடாது.

ஆடமின் தகப்பன் யானுஷ் நல்ல மனிதர். மே மாத பாபிக்யூவில் பியர் நீட்டினார். சீனி வருத்தம் (டயபிற்றிஸ்), குடிப்பதில்லை என்றேன். எங்கள் சனத்துக்குச் சொல்லிவரும் அதே பொய். சீனி என்றால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை, வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. உண்மையில் குடியை விட்டு நாலு வருடம் இரண்டு மாதம். மனுசிக்கும் அபிக்கும் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

நவ. 9, ஞாயிறு

மழையும் பனியும் கலந்து. 401 நெடுஞ்சாலையில் விபத்து, முக்கால் மணி பிந்திப் போனோம்.

பீட்ரூட் சூப், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. நன்றாக இருந்தது. பிறகு யானுஷ் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நலெவ்கா. பழத்தைச் சாராயத்தில் ஊறவைத்து வீட்டிலேயே செய்வது, வழக்கமாகச் சீனி நிறையப் போடுவார்களாம். எனக்காக ஜூலையில் புளிச் செர்ரி வாங்கி, ஒரு மணி சீனிகூடப் போடாமல் நாலு மாதம் ஊறவைத்திருக்கிறார். லேபிளில் என் பெயர். தன் தகப்பன் உயிரோடு இருந்தால் சீனி போடாததற்கு அடித்திருப்பார் என்று சிரித்தார்.

ஊற்றினார். இரத்தச் சிவப்பு. மணம் வந்ததும் வாய் ஊறியது. எழுதவே வெட்கம். கை கிளாஸுக்குப் போய்விட்டது. மனுசி என்னைப் பார்த்தாள். அபி பார்க்கவில்லை, தன் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்த காலத்தில் மேசையில் அப்படித்தான் இருப்பாள்.

கையை எடுத்தேன். சீனி வருத்தம் என்றது பொய், நான் குடிகாரன், நாலு வருடமாக விட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை. நாலு மாதம் பாடுபட்ட மனிதருக்கு மன்னிப்பும் கேட்டேன்.

யானுஷ் என் கிளாஸையும் தன் கிளாஸையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சரி, சம்பந்தம் குழம்பியது என்று நினைத்தேன். உள்ளே போலிஷில் வாக்குவாதம். நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) வாங்கி வைத்த பழத்தை யானுஷ் இப்போதே எடுக்கிறார் என்று தாய்க்கு மனக்குறையாம், ஆடம் சொன்னான்.

அரை மணியில் ஒரு ஜக்கோடு வந்தார். கொம்பொட். காய்ந்த பேரிக்காய், ஆப்பிள், புகையில் வாட்டிய பிளம்ஸ் அவித்த தண்ணீர். நத்தாருக்கு முதல் நாள் இரவு மட்டும் குடிப்பார்களாம். முதல் மிடறு பிடிக்கவில்லை. ஒரே புகை. புகைபோட்டுப் பழுக்கவைத்த வாழைக்குலையின் மணம். இரண்டாம் கிளாஸ் பரவாயில்லை. யானுஷும் அதையே குடித்தார்.

திரும்பும்போது காரில் மனுசி, நாங்கள் கொண்டுபோன கேக் காய்ந்துபோயிருந்தது என்றாள்.

நவ. 10, திங்கள்

நாலு சென்ரிமீற்றர் பனி. புது ரயர் வேலை செய்கிறது.

லஞ்ச் நேரம் அபி எனக்குப் போன் எடுத்தாள். கலியாண மண்டப வாசலில் போலந்துக்காரருக்கு ஒரு வழக்கமாம். இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும், பாணும் (பிரெட்) உப்பும் இரண்டு சின்னக் கிளாஸ் வொட்காவும் வைத்த தட்டத்தோடு மாப்பிள்ளை பொம்பிளையை வரவேற்பார்கள். தட்டத்தை ஆடம் வீட்டாரே தனியப் பிடிக்கட்டும் என்று தான் முன்பே ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாள்.

"உங்கட கையில வொட்காவைக் குடுக்கப் பயமா இருந்ததப்பா. அதான் சொல்லேல்லை."

இப்போது பயமில்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா தட்டத்தை நீங்களும் பிடிங்கோ."

எனக்கும் பயம் என்றேன். பிடிக்கிறன் என்றேன்.